ஆறு மணிக்கு வந்தவர்கள்

தம்பி,

மேனேஜரிடம் கொடுக்க ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாயே, அதை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. முதலில் இதைப் படி. உன் அம்மா நன்றாக இருக்கிறாள், செவலை மாடு கன்று போட்டுவிட்டது, எனக்கு முட்டிவலி பழையபடிதான். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அப்பா, மாசக் கடைசில லெட்டர் குடுத்தர்றனுங்க, அடுத்த மாசம் ஊட்டுல இருப்பேன்" என்று நீ சொன்ன குரலைக் கேட்டதும், "செரி சாமி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுதினால் உன் குரல் குறுக்கே வராது. அதனால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து, உன் ஜிம்மின் ஷட்டரைத் தூக்கி, உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் பக்கத்து வீட்டு ரேவதியிடம் கொடுத்து, அவள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன். அவளும் படிப்பாள். படிக்கட்டும். மீனாட்சிபுரத்தில் உன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

உன் ஜிம்முக்கு யாரும் வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷார்ஜாவில் உனக்கு டீ குடிக்க விடும் நேரத்தில், போனில் கேமராவைத் திறந்து பார்க்கிறாயே, அதில் தெரிகிற எட்டுப் பத்துப் பேரும் நான் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டதால் வருகிறவர்கள். ஆறு மணிக்கு வருவார்கள். ஆறரைக்கு உன் டீ நேரம் முடிந்ததும் போய்விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்தக் கட்டடத்தில் நானும் ஐந்து சுவர்க் கடிகாரங்களும்தான் இருக்கிறோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் உன் அப்பன். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவர்களைத் திட்டாதே.

எங்கிருந்து தவறு தொடங்கியது என்று யோசித்தால், உனக்குப் பதினேழு வயதில் பாலக்காட்டில் நடந்த அந்தச் செலக்‌ஷன் வரைக்கும் போகிறது. மாவட்ட அளவில் எடை தூக்கும் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், காலை எட்டு மணிக்கு அங்கே இருக்கவேண்டும் என்றாய். அன்றைக்குப் பார்த்துத் தீவன லோடு வந்து நின்றது. இறக்க ஆள் வரவில்லை. "எடை தூக்கோணும்னா ஏன் அத்தனை தூரம் போறே? இதா இருக்குது, தூக்கு" என்று சொன்னேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். லோடு மொத்தத்தையும் நீ ஒருவனாக இறக்கி வைத்தாய். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை. கோயமுத்தூர் ஜிம்மில் வேலை கற்கப் போனபோது சொல்லிவிட்டுப் போனாய், ஷார்ஜா குடோன் வேலைக்குப் போனபோதும் சொல்லிவிட்டுப் போனாய். கேட்கவில்லை. முதல்முறையாக நீ கேட்டது, ரோட்டோரம் சும்மா கிடந்த நம் தீவனக் கொட்டகையில் ஒரு ஜிம் போட்டுக்கொள்ளட்டுமா என்றுதான். அதற்கு எப்படி வேண்டாம் என்பேன்? ஊருக்கு அது ஒத்துவருமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்கூட உனக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

நீ விவரமானவன். "அப்பா, ஜிம் வந்தா நம்மூர்ல என்ன எதிர்பார்ப்பாங்கன்னு நாலு பேர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்று போனில் சொன்னாய். நானும் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? "நம்ம பையன் ஒரு ஜிம் போடலாம்னு இருக்கான், என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். எந்த மனுஷன் முகத்துக்கு நேராக வேண்டாம் என்பான்? "அருமையான ரோசனைங்க." "நம்மூருக்கு ஒண்ணு வேணுமுங்க." "பசங்க போன் நோண்டறது கொறையுமுங்க." ஒருவர்கூட "நான் வர்றனுங்க" என்று சொல்லவில்லை. அது அப்போது என் காதில் ஏறவில்லை. உனக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் "பாத்துச் சொல்றமுங்க" என்றார்களே, நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். உன் அம்மா அவர்கள் வீட்டுக் காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போதே புரிந்துகொண்டவள். நம் பக்கத்தில் இல்லை என்பதை யாரும் இல்லை என்று சொல்வதில்லை. நானும் அப்படிப் பேசியே வயதானவன். இருந்தும் அடுத்தவன் சொன்னதை அப்படியே நம்பினேன்.

இதைவிடப் பெரிய மடத்தனம் திறப்புவிழா. நீ இருபது நாள் லீவில் வந்து, மெஷின்களை இறக்கி, கண்ணாடி பதித்து, கேமரா மாட்டி, பஞ்சாயத்தில் அபேட்சை மனு கொடுத்து லைசன்ஸ் வாங்க அலைந்துகொண்டிருந்தாய். போனில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன், அது போதும் என்றாய். நான் கேட்கவில்லை. பத்திரிகை அடித்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊர் முழுக்க வாசல் வாசலாகப் போய்க் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் அழைத்தேன். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் வராமல் இருப்பார்களா? வந்தார்கள். பட்டுச்சேலை கட்டி வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, டிரெட்மில்லுக்கு வைத்த சந்தனப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அரிசியும்பருப்பு சாதம் சாப்பிட்டார்கள். ஐந்து பேர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், ஒருவர் எவர்சில்வர் குடம் கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்து நீ என் தோளில் கை போட்டு, "பாத்தீங்களாப்பா" என்றாய். ஒரு விசேஷத்துக்கு அழைத்தோம், அவர்கள் வந்து முறை செய்துவிட்டுப் போனார்கள். அதோடு கணக்கு நேராகிவிட்டது. கல்யாண வீட்டுக்கு மறுநாளும் யாராவது சாப்பிடப் போவார்களா?

முதல் மூன்று மாதம் யாரிடமும் கட்டணம் வாங்கவேண்டாம், ஆள் பழகட்டும், அதற்குள் நான் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நீ விமானம் ஏறினாய். போலீஸ் வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுதிய பையன்கள் மூன்று பேர் மட்டும் ஒரு வாரம் ஒழுங்காக வந்தார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ நீ கூப்பிட்டு, "அப்பா, கேமராவுல ஒருத்தரையுமே காணோமே?" என்றாய். "இப்பத்தான் எல்லாரும் போனாங்க சாமி, நாளைக்கு ஆறு மணிக்குப் பாரு" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. மறுநாள் மத்தியானம் முழுக்க யாரைக் கூப்பிடுவது என்று வீதியைச் சுற்றி வந்தேன். கடைசியில் லோடு ஏற்றும் கருப்புசாமியிடம் போய் நின்றேன். சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போவானே, அவன்தான். "சும்மா பத்து நிமிசம் வந்து நில்லு கருப்பா, பையன் பாக்கறான்" என்றேன். முதலமடை மாங்காய் லாரியில் காலையிலிருந்து பெட்டி ஏற்றிவிட்டு அப்போதுதான் குளித்திருந்தான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான். பெஞ்சில் தலைமாட்டை மாற்றிப் படுத்துக்கொண்டான். உடனே நீ கூப்பிட்டாய். "அப்பா, கருப்பண்ணன் மாத்திப் படுத்துட்டாரு, திருப்பிப் படுக்கச் சொல்லுங்க!" என்று சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை வருஷம் இருக்கும்! அந்தச் சிரிப்புக்காகத்தான் தம்பி மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டேன்.

அப்புறம் அது தானாக நடந்தது. மாரியம்மன் நோம்பிக்கு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வகையறா கட்டளை எடுப்பதுபோல, திங்கட்கிழமை மேக்கால வீதி, செவ்வாய்க்கிழமை சொசைட்டிக்காரர்கள் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். ரேவதி மாமியாரோடு வந்து, ஓடாத டிரெட்மில்லில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். ரிட்டயர்டு வாத்தியார் சைக்கிள் மெஷினில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நீ அதை அங்கிருந்தே கேமராவில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாய். "எங்க ஊர் ஜிம்" என்று எழுதியிருந்தாய். ரேவதி எனக்குக் காட்டியபோது சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கருப்புசாமி விஷயத்தையும் நான்தான் உனக்குச் சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் லாரியில் பெட்டி ஏற்றும்போது அவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். அன்றைக்கு அவன் முறை. எனக்குத் தெரியாது. ஆறு மணிக்கு வந்து, நான் யாருக்கோ மின்விசிறி போடப் போன நேரத்தில், ஒரு தடிக் கம்பியைத் தட்டுகளோடு தலைக்கு மேல் தூக்கிவிட்டான். தூக்கினவன் இறக்க முடியாமல் அப்படியே நின்றான். முகம் கோணிப் போயிற்று. நாங்கள் இரண்டு பேர் ஓடிப் பிடித்தோம். நீ அன்றைக்குக் கூப்பிட்டு, "கருப்பண்ணன் இன்னிக்கு சூப்பரா தூக்குனாருப்பா" என்றாய். கேமராவில் சத்தம் கேட்காது அல்லவா. அவன் போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் தோளில் சதை கிழிந்திருக்கிறது என்றார்கள். இனி தோளுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாதாம். மாங்காய் சீசன் நடுவில் அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டு அவன் கேட்டது ஒன்றுதான். "ஏனுங்க, தம்பி பாத்துச்சுங்களா?"

பார்த்தான் என்று சொன்னேன். அதோடாவது நிறுத்தினேனா? இல்லை. மறுநாள் ஆறு மணிக்கு அவன் இடத்துக்கு வேறொருவனைக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான். உன் அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகுதான் பேசினாள். "ஏனுங்க, நீங்க போட்டது ஜிம்மு இல்லீங்க. நம்ம பையனுக்குக் கட்டுத்தறி. அவன் மறுபடி கவுத்த அறுத்துட்டுப் போயிரக்கூடாதுன்னு கட்டுத்தறியை நல்லா அலங்காரம் பண்ணி வெச்சிருக்கறீங்க. மருவாதையா அவன்கிட்ட நெசத்தச் சொல்லிப்போடுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு எப்போதும் முதலில் கோபம்தான் வரும், உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை சொசைட்டியில் பால் ஊற்ற நின்றவர்களிடம் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டேன். "என்ற மூஞ்சியப் பாக்காதீங்க. அந்தக் கட்டடத்துல என்ன இருந்தா நீங்களா வருவீங்க?" எல்லோரும் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ரேவதிதான் ஆரம்பித்தாள். அவளுக்கு ஐந்து மாடு. விடியும் முன்பு எழுந்தால் இருட்டிய பிறகும் வேலை ஓயாது. டாக்டர் முதுகுக்கு ஏதோ பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார். தரையில் படுத்துச் செய்யவேண்டியது. வீட்டில் படுத்தால் நாலு பேர் வந்து என்ன உடம்புக்கு என்று கேட்கிறார்களாம். "கண்ணாடியெல்லாம் வேண்டாமுங்க மாமா. கதவுக்கு உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் இருந்தாப் போதுமுங்க. அரை மணி நேரம் படுத்துக்குவேன்" என்றாள். நீ ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தாய், ஆள் வருவது வெளியே தெரிந்தால்தான் ஆள் வரும் என்று. அந்தக் கண்ணாடிக்குப் பயந்துதான் பெண்கள் ஒருவரும் தாங்களாக வரவில்லை.

வாத்தியாருக்குச் சர்க்கரை. தினமும் நடக்கவேண்டும். "நடக்கறதுக்கு எனக்கு ரோடு இருக்குதுங்க. கூட நடக்கறதுக்குத்தான் ஆளு இல்லீங்க. அந்த மெஷின் பேசுமுங்களா?" என்றார். பி.எஸ்.சி. பையன்களில் ஒருவன், "எங்களுக்கு ஓடறதுக்கு ஒரு கிரவுண்டு வேணுமுங்க, கயிறு ஏறோணும், அங்க ரெண்டும் இல்லியே" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். அவனும் அடுத்த வாரம் கோயமுத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். மற்ற இருவரும் போயே விட்டார்கள். இன்னொருவர், பேர் வேண்டாம், இருமிவிட்டுச் சொன்னார்: "எடையைத் தூக்கி மறுபடி அதே எடத்துல வெக்கறதுக்கு மாசாமாசம் பணம் கட்டோணுமுன்னா, அது எனக்குப் புரியலீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததும்தான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

அங்கிருந்து கருப்புசாமி வீட்டுக்குப் போனேன். கையைக் கழுத்தோடு கட்டி வைத்திருக்கிறார்கள். அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தான். இத்தனை நாளும் அவனிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை போல. "பொழுதன்னைக்கும் தூக்கறமுங்க. எதையும் தூக்காம இருக்கறதுக்கு ஒரு எடம் இருந்தா வருவேனுங்க. இப்பத்தான் அது கெடச்சுருச்சே" என்று கையைக் காட்டினான். கிண்டலா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சம்சாரம் அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

கண்ணாடியை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் வைக்கலாமே, பின்னால் கயிறு கட்டலாமே என்று நீ உடனே ஆரம்பிப்பாய். எனக்கும் அந்த நினைப்பு வந்தது. ரேவதியிடமே கேட்டேன். "தாழ்ப்பாள் வெச்சா அவளுக்கு உள்ள என்ன வேலைன்னு கேப்பாங்களே மாமா" என்றாள். அவ்வளவுதான் சாமி. அவர்களுக்கு வேண்டியது எதுவும் உன்னால் வாங்கி இறக்கி வைக்க முடிகிற பொருள் இல்லை. தூக்கம், பேச்சுத்துணை, வேலை, ஒரு தாழ்ப்பாள், அதைப் போட்டுக்கொள்ளும் தைரியம். இதற்கெல்லாம் நீயும் நானும் என்ன செய்வோம்? நீ கெட்டிக்காரன், உழைப்பாளி, ஆனால் இது நடக்காது. நடக்கும் என்று யாராவது சொன்னால், அவர் உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று வைத்துக்கொள். "நல்லா இருக்குமுங்க" என்பவரிடம் "நீங்க எப்ப வர்றீங்க?" என்று திருப்பிக் கேள். அப்பன் என்று உனக்குச் சொல்ல என்னிடம் இந்த ஒரு புத்திமதிதான் மிச்சம் இருக்கிறது.

மெஷின்களுக்குப் பழையது வாங்குகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். உன் உழைப்பு எவ்வளவு கரைந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. வேலையை விடாதே. உன் இடத்துக்கு இன்னொருவன் தயாராக நிற்கிறான், ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்கமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். இங்கே வந்தால் நீ என்னோடு சேர்ந்து தீவன மூட்டைதான் இறக்குவாய். அதை ஒருமுறை பார்த்ததே எனக்குப் போதும். கருப்புசாமிக்கு நீ ஒரு போன் பண்ணு. தூக்கியதைப் பார்த்தேன் என்று சொல்லாதே. வேறு ஏதாவது பேசு.

நாளைக்கு ஆறு மணிக்குக் கேமராவைத் திறந்து பார். யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் "செரிங்க" என்றார்கள், இந்த முறை அது நிஜமான சரி. நான் மட்டும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று உனக்குத் தெரிவதற்குத்தான். பார்த்து முடித்ததும் உன் போனிலிருந்து அந்தக் கேமராவை எடுத்துவிடு. நானும் இங்கே ஒயரைப் பிடுங்கிவிடுவேன்.

சொசைட்டியில் எல்லோரையும் கேட்ட நான், என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. இந்த இரண்டு மாதமாக ஐந்தரை மணிக்கே முகம் கழுவி, சட்டையை மாற்றி, உன் அம்மா கிண்டல் செய்தாலும் கேட்காமல் தலைவாரிக்கொண்டு நான் ஷட்டரைத் தூக்க வந்தேன். தினமும் அரை மணி நேரம் நீ என்னைப் பார்க்கிறாய் என்பதற்காக வந்தேன். அந்தக் கட்டடத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அப்பா